புதுப்பிப்பு: பட்டர்வொர்த் கார் விற்பனையகத்திற்கான தேடல் விளம்பர நிறுவனத் தேர்வு

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் உள்ள எங்கள் கார் விற்பனையகத்தின் கூகுள் தேடல் விளம்பரங்களை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். ஆலோசனை கூறிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போது முடிவெடுத்துவிட்டோம்.

விளம்பரக் கணக்கும் நிர்வாகி உரிமையும் எங்களிடமே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்க மறுத்த நிறுவனத்தை, அதன் கட்டணம் குறைவாக இருந்தபோதிலும், விலக்கினோம். ஒப்பந்தம் முடியும் நாளில், அதுவரை சேர்ந்த தரவுகள் அனைத்தும் அவர்களுடனேயே போய்விடும் என்பதே காரணம். செலவு, சொடுக்குகள் போன்ற விவரங்களை வாடிக்கையாளரிடம் பகிர வேண்டும் என்று கூகுளின் கொள்கையே கூறுவதால், அதை யாரும் சலுகையாகக் கருத வேண்டாம்.

தேர்ந்தெடுத்த நிறுவனம் தேடற்சொல் அறிக்கையை (எந்தச் சொற்களைத் தேடியபோது விளம்பரம் தோன்றியது என்ற பட்டியலை) திறந்துகாட்டி, மைவி காரின் உதிரிபாகம் தேடுவோருக்கு எங்கள் புதிய கார் விளம்பரம் தோன்றாதபடி விலக்குச் சொற்களைப் பரிந்துரைத்தது. நிர்வாகக் கட்டணத்தையும் விளம்பரச் செலவையும், 2024 மார்ச் முதல் 8 விழுக்காடாக உள்ள சேவை வரியையும் தனித்தனியே எழுதித் தந்துள்ளது.