பூண்டி ஏரிக்கு ஏன் சத்தியமூர்த்தி பெயர்? மேயராக அப்படி என்ன செய்தார்?

நகரி_ஆத்தங்கரை:
எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு நகரி பக்கம். கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் எங்கள் ஆற்றுத் தண்ணீர் பள்ளிப்பட்டு வழியாக இறங்கி, கொசஸ்தலை ஆற்றில் கலந்து கடைசியில் பூண்டியில்தான் போய் நிற்கும். அந்த ஏரிக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். அவர் சென்னை மேயராக இருந்தார் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நாங்கள் படித்தது தெலுங்கு மீடியம், ஆந்திரத் தலைவர் பிரகாசம் பந்துலு கதை கேட்டால் சொல்வோம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அது காமராஜர் கட்டின ஏரி என்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு மேயரால் அணை கட்டியிருக்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊத்துக்கோட்டை_ராஜா:
அண்ணா, பெரியவர்கள் சொல்வதிலும் பாதி விஷயம் இருக்கிறது. சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் வைத்தவர் காமராஜர். ஆனால் ஏரி அதற்கு முன்பே வந்துவிட்டது.

அந்தக் காலத்து மேயருக்குக் கையில் பெரிய அதிகாரம் கிடையாது. கவுன்சிலர்கள் சேர்ந்து ஒரு வருடத்துக்குத் தேர்ந்தெடுப்பார்கள், நிர்வாகம் அரசாங்கம் நியமிக்கும் கமிஷனரிடம். சத்தியமூர்த்தி 1939இல் மேயர் ஆனார். ஊரில் கடுமையான தண்ணீர்ப் பஞ்சம், செங்குன்றம் ஏரியையும் சோழவரத்தையும் நம்பி நகரம் ஓடிக்கொண்டிருந்தது. அதே வருடம் உலகப்போர் தொடங்கியது, போரை எதிர்த்துக் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்துவிட்டன, மாகாணம் நேரே கவர்னர் கைக்குப் போய்விட்டது. அதாவது தன் கட்சி விலகி நிற்கிற அரசாங்கத்திடமே போய், கொசஸ்தலையில் அணை கட்டியே ஆக வேண்டும் என்று இவர் பேச வேண்டியிருந்தது. பேசினார், விடாமல் பேசினார், 1940இல் அடிக்கல் நாட்டிவிட்டார்கள். போர்ச்செலவு ஒரு பக்கம் இருக்க, நாலே வருடத்தில் வேலையை முடித்து 1944இல் கவர்னர் ஆர்தர் ஹோப் திறந்து வைத்தார். அதைப் பார்க்கச் சத்தியமூர்த்தி உயிரோடு இல்லை. எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம் இது.

திருமயத்து_மருமகன்:
தம்பி நன்றாகச் சொன்னார். மேயர் பதவியை மட்டும் வைத்து அவரை அளக்கக் கூடாது என்பதால் மற்றதையும் சேர்க்கிறேன் (இப்போது சத்தியவேட்டில் இருக்கிறேன், மனைவிக்குத் திருமயம்).

1887இல் திருமயத்தில் பிறந்தார், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி, அப்புறம் சென்னையில் கிறிஸ்தவக் கல்லூரி, சட்டக் கல்லூரி, வக்கீல். சுயராஜ்யக் கட்சிக்காரர், சட்டசபைக்குள் போய்த்தான் வெள்ளைக்காரனை மடக்க வேண்டும் என்று நம்பியவர். 1928இல் பாரதி பாடல்களைப் பறிமுதல் செய்தபோது சென்னை சட்டசபையில் எழுந்து சண்டை போட்டவர்களில் இவர் முக்கியமானவர். பிறகு டெல்லி மத்திய சட்டசபையில் காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவர். நாடகத்தில் வேஷம் கட்டுவார், மியூசிக் அகாடமியிலும் பங்கு உண்டு.

எல்லாமே புகழ்ச்சியாகச் சொல்ல மாட்டேன். தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி பாடுபட்டபோது இவர் எதிர்த்தார். அந்த அம்மா பக்கம்தான் நியாயம் இருந்தது.

காமராஜருக்கு இவர்தான் அரசியல் குரு. 1936இல் இவர் மாகாணக் காங்கிரஸ் தலைவர், காமராஜர் செயலாளர். 1940இல் அப்படியே மாறியது, சிஷ்யர் தலைவர், குரு செயலாளர். இந்தக் காலத்தில் யாராவது ஒத்துக்கொள்வார்களா சொல்லுங்கள்! 1942 போராட்டத்தில் கைதாகி நாக்பூர் பக்கம் அமராவதி சிறைக்குக் கொண்டுபோனார்கள், அந்தப் பயணத்தில் முதுகுத்தண்டில் அடி. அதிலிருந்து மீளவே இல்லை, 1943 மார்ச் 28ஆம் தேதி சென்னை பெரியாஸ்பத்திரியில் இறந்தார். 55 வயதுதான்.

வெண்பாக்கம்_சிவா:
ஏரி வந்த கதையில் எங்கள் பக்கத்து விஷயம் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். சுந்தரர் பாடிய திருவெண்பாக்கம் கோயில் அந்த நீர்ப்பரப்புக்குள் போய்விட்டது. இப்போது பூண்டியில் நாம் கும்பிடும் ஊன்றீஸ்வரர் கோயில் பிறகு எடுத்துக் கட்டியது. பார்வை இழந்து வந்த சுந்தரருக்கு சுவாமி ஊன்றுகோல் கொடுத்த தலம். சென்னைக்குத் தண்ணீர் வேண்டும்தான், மறுக்கவில்லை, ஆனால் அதற்காக இடம்விட்ட ஊர்களையும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா.

நகரி_ஆத்தங்கரை:
ரொம்ப நன்றி எல்லோருக்கும். சிவா சார் சொன்னது எனக்குப் புதுசு. இன்னொன்று, கிருஷ்ணா தண்ணீர் வருவதும் இதே ஏரிக்குத்தானே?

ஊத்துக்கோட்டை_ராஜா:
ஆமாம் அண்ணா. 1983இல் என்.டி.ஆரும் எம்.ஜி.ஆரும் கிருஷ்ணா தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள், 1996இல் முதல் தண்ணீர் வந்தது. ஆந்திராவில் உள்ள கண்டலேறு அணையிலிருந்து கால்வாயில் வந்து, எங்கள் ஊர் பக்கத்து ஜீரோ பாயிண்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பூண்டிக்குப் போகிறது. ஆந்திராவோடு ஒப்பந்தம் போட்டபோது தண்ணீரை வாங்கி வைக்க இடம் தயாராக இருந்தது. ஏரியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் உங்கள் நகரி ஆறும் பெருகினால் மதகைத் திறந்துதான் விட வேண்டும், அப்போது வாருங்கள், கரையில் நின்று பார்க்கலாம்.