எந்த ஷூட்டிங்? அக்கா மகன் விஷயத்தில் ஒரு கருத்து வேண்டும்

மாட்டுங்கா மாமா:
என் அக்கா மகனுக்கு 24 வயது, ஆறடி ஐந்து அங்குலம். இந்தியன் ஜிம்கானாவில் கூடைப்பந்து தட்டி வளர்ந்தவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலை கிடைத்து, ஆபீஸ் டீமுக்கு ஆடுகிறான். ஒரு வருடமாக வர்சோவா ஆராம் நகரில் ஆடிஷன் ஆடிஷனாக ஏறி இறங்கியதில், இப்போது ஒரு வெப் சீரிஸில் அடியாள் வேடம் வந்திருக்கிறது. 12 நாள் ஷூட்டிங். "மாமா, அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்கிறான். என்ன சொல்வது?

செம்பூர் சுந்தரி:
வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓ'நீல் 1996-ல் ஒரு படத்தில் பூதமாக நடித்தார், 1997-ல் இரும்புக் கவசம் மாட்டி நடித்தார். இரண்டும் ஊற்றிக்கொண்டன. யாரும் மறிக்காத ஃப்ரீ த்ரோ போட நின்றால்கூடப் பாதிதான் உள்ளே போகும்.

கோலிவாடா பாயின்ட் கார்டு:
அக்கா, அவர் ஃப்ரீ த்ரோ படத்துக்கு முன்னாலும் அப்படித்தான்! நடித்த பிறகுதான் லேக்கர்ஸ் அணிக்காக 2000, 2001, 2002 என்று வரிசையாக மூன்று கோப்பை. இன்னொரு வீரர் ரே ஆலன் முதல் சீசன் முடிந்த கோடையில் நடிகர் டென்சல் வாஷிங்டனுக்கு மகனாக ஒரு படத்தில் நடித்தார். ஓய்வு பெறும்போது 2,973 மூன்று புள்ளி ஷாட், அன்றைக்கு அதுதான் சாதனை. அதே ஆட்டத்தின் கரீம் அப்துல் ஜப்பார் 1972-ல் புரூஸ் லீயோடு மோதிய காட்சியைப் பாருங்கள், லீயின் மஞ்சள் உடையின் நெஞ்சில் அவர் கால் தடம் அப்படியே பதிந்திருக்கும்.

செம்பூர் சுந்தரி:
கரீம் கதை சரி தம்பி. அவர்களுக்குச் சீசன் முடிந்தால் கோடை முழுக்கச் சொந்தம், ஆட்டத்துக்கே கோடிக்கணக்கில் சம்பளம். இந்தப் பையனுக்குச் சோறு போடுவது ஆபீஸ். முட்டி போனால் டீமும் போச்சு, அடியாள் வேடமும் போச்சு.

பழைய ரெஃப்ரி:
எப்போதாவது செய்யும் கலைப்பணிக்கு முன் அனுமதி தேவையில்லை என்று மத்திய அரசு ஊழியர் நடத்தை விதியிலேயே இருக்கிறது. ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு 12 நாள் நடிப்பது அந்த 'எப்போதாவது'க்குள் வருமா? எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவதே புத்தி. அதைவிட ஒன்று. எங்கள் காலத்தில் சென்டர் இடத்தில் ஆடும் ஒரு பையன் படத்துக்காக மேஜையிலிருந்து குதித்தான், ஒரே டேக். கணுக்கால் வீங்கி அந்த வருட மாநிலப் போட்டி முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மருத்துவச் செலவுக்குக் கம்பெனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் மருமகன் அடிவாங்கி விழுகிற காட்சிக்கு டூப் உண்டா? ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது?

கோலிவாடா பாயின்ட் கார்டு:
ஆறடி ஐந்துக்கு டூப் எங்கே சார் கிடைப்பான்? அவனேதான் விழணும்.

மாட்டுங்கா மாமா:
ரெஃப்ரி சார், இப்போதுதான் போன் போட்டுக் கேட்டேன். "ஒப்பந்தமா? எல்லாம் வாட்ஸ்அப்லதான் பேசினாங்க மாமா" என்கிறான். அக்காவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.