‘ப்ளோ-பை’ என்பதற்கு ‘மீறுவளி’: எண்ணெய்க் கசிவிலிருந்து ஒரு பரிந்துரை

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சினில் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கிவிடும் வளிமத்தைக் குறிக்கும் ‘ப்ளோ-பை’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு விடையாக இங்கே முன்வைக்கப்பட்ட ‘கசிவளி’, ‘பின்னழுத்தம்’ ஆகிய இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. தயக்கம் இலக்கணத்தால் வந்ததன்று. மூன்று மாதமாக என் காருக்கு அடியில் விரித்து வைத்திருந்த அட்டைப் பெட்டியால் வந்தது.

1997ஆம் ஆண்டு வாங்கிய சிறிய கார் அது. இரவில் நின்ற இடத்தில் ஐந்தாறு சொட்டு எண்ணெய் விடத் தொடங்கியதும், ஈரம் எங்கே தெரிகிறதோ அங்கேதான் கசிகிறது என்று நம்பி, எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப்பின் பேக்கிங்கை மாற்றச் சொன்னேன். பத்தே நாளில் அதே மூலையில் அதே ஈரம். பிறகு எஞ்சின் முழுவதையும் டீசலும் பிரஷும் கொண்டு கழுவித் துடைத்துக் காயவிட்டு, ஐயமான விளிம்புகளிலெல்லாம் முகப்பவுடரைத் தூவி, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து, மேலிருந்து கீழாக டார்ச் அடித்துப் பார்த்தோம். எஞ்சினின் உச்சியை மூடியிருக்கும் டேப்பட் கவரின் பின்விளிம்பில் மட்டும் விரலகலத்துக்குப் பவுடர் நனைந்து பழுப்பாகியிருந்தது. எண்ணெய் அங்கிருந்து எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, வண்டி ஓடும்போது அடிக்கும் காற்றில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, சம்ப்பின் மூலைக்கு வந்து சொட்டியிருக்கிறது. அந்தப் பேக்கிங்கைக் கழற்றியபோது அது ரப்பராக இல்லை. முறுக்கைப் போல ஒடிந்தது.

புதியது போட்டு இரண்டு வாரத்தில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியிலுள்ள ஓ-ரிங் கசிந்தது; அதை மாற்றினால், கிராங்க் புல்லிக்குப் பின்னாலிருக்கும் ஆயில் சீல். மெக்கானிக் இம்முறை எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார். புஸ் புஸ் என்று விட்டுவிட்டுப் புகை வந்தது. “பேக் கம்ப்ரஷன் அடிக்குது சார். ரிங்கை மீறி வருது. இது இருக்கறவரைக்கும் நீங்க ஒரு சீலை மாத்தினா அது அடுத்த சீலைத் தேடிக்கிட்டுப் போகும்” என்றார்.

நமக்கு வேண்டிய வரையறை அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. எரியறையில் வெடித்து விரியும் வளிமத்தில் ஒரு பகுதி, பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே காவலிருக்கும் வளையங்களைக் கடந்து, கீழே கிராங்க் தண்டு சுழலும் கிராங்க் அறைக்குள் இறங்கிவிடுகிறது. வளையம் சூட்டில் விரிவதற்காக அதன் இரு முனைகளுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டே செய்யப்படுவதால், புத்தம் புதிய எஞ்சினிலும் இது கொஞ்சம் நிகழும். வளையமும் சுவரும் தேயத் தேய இறங்கும் அளவு கூடுகிறது. அது வெளியேறும் வழியும் அடைபட்டிருந்தால் கிராங்க் அறையில் அழுத்தம் ஏறி, இளைத்த பேக்கிங் எதுவோ அதன் வழியே எண்ணெயைப் பிதுக்கித் தள்ளுகிறது. பழைய அம்பாசடரின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் கிராங்க் தண்டின் பின்முனைக்கு ரப்பர் சீலே கிடையாது. தண்டில் வெட்டிய சுருள்மரைதான் சுழலும்போது எண்ணெயை உள்நோக்கித் திருப்பிவிடும். உள்ளே அழுத்தம் ஏறினால் அந்த மரையால் என்ன செய்ய முடியும் என்பதை ஊகிக்கலாம்.

இனி சொற்களுக்கு வருகிறேன். ‘கசிவளி’ காதுக்கு இனியது. ஆனால் எரிவாயுவில் ஓடும் வண்டிகள் பெருகிவிட்ட காலத்தில், பழுதுநீக்கக் கையேட்டில் “கசிவளி மிகுந்துள்ளதா எனப் பார்க்கவும்” என்று எழுதினால், படிப்பவர் எரிவாயு உருளையின் இணைப்பில் வாயு கசிகிறதா என்று தேடுவார். இது பாதுகாப்பு தொடர்பான குழப்பம் என்பதால் இந்த ஒரு காரணத்துக்காகவே இச்சொல்லை விலக்கலாம் என்பேன். மேலும் ‘கசிவு’ என்பதை எண்ணெய்க்கு விட்டுவைப்பதே நல்லது. காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே வேர்ச்சொல் அமைந்தால் “கசிவளியால் கசிவு” என்று எழுத நேரும்.

‘பின்னழுத்தம்’ பட்டறையில் புழங்கும் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பதை ஒட்டியது என்பதால் அதை எளிதில் தள்ள மனம் வரவில்லை. ஆயினும் புகைபோக்கிக் குழாய் அடைத்துக்கொண்டால் எஞ்சினை எதிர்த்துத் தள்ளும் அழுத்தத்துக்கு அச்சொல் வேண்டியிருக்கிறது. அத்துடன், அது அழுத்தத்தைத்தான் குறிக்கும். உள்ளே இறங்கிய வளிமத்தைக் குறிக்காது. ‘ப்ளோ-பை’யோ அந்த வளிமத்துக்கும் பெயர்.

ஆகவே மெக்கானிக் சொன்ன வினையையே எடுத்துக்கொண்டு ‘மீறுவளி’ என்று பரிந்துரைக்கிறேன். வளையத்தை மீறிய, மீறுகின்ற, மீறும் வளி என வினைத்தொகையாக விரியும். நிகழ்ச்சியைச் சொல்ல ‘வளிமீறல்’ என்று மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ‘மீறல்’ குற்றத்தைக் குறிக்கும் சொல்லாயிற்றே, புதிய எஞ்சினில் இயல்பாக நடப்பதற்கு அது பொருந்துமா என்று கேட்கப்படலாம். கரையை மீறிய வெள்ளம் என்கிறோம், அளவுக்கு மீறிய ஆசை என்கிறோம். வரம்பைக் கடத்தலே அதன் அடிப்பொருள், சட்டமெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. இங்கே வளையம்தான் வரம்பு. ‘வளி’ காற்றைத்தானே குறிக்கும், ‘வளிமம்’ என்றல்லவா வர வேண்டும் என்ற தடைக்கு என் விடை, தொகைச்சொல்லில் குறுக்கம் பொறுக்கத்தக்கது என்பதே. ‘மீறுவாயு’ என விரும்புவோருடன் எனக்குச் சண்டையில்லை.

சொல் சோதனைக்கு நிற்கிறதா என்று பார்க்க, என் காரின் மீதிக் கதையை அதைக் கொண்டே எழுதிப் பார்க்கிறேன். மீறுவளியை, எஞ்சினுக்குள் காற்று நுழையும் இன்டேக் பக்கம் இழுத்துக்கொள்ள விடும் வால்வு, கரிப்பிசின் ஏறி அசையாமல் இருந்தது. குலுக்கினால் கேட்க வேண்டிய ‘கிளிக்’ ஒலி இல்லை. புதிய வால்வும், வெடித்திருந்த ரப்பர் குழாய்க்கு மாற்றும் போட்டதும் மீறுவளி வெளியேற வழி கிடைத்து, மூடியைத் திறந்தால் வரும் புகை பாதியாகக் குறைந்தது. முழுதும் நிற்காததால் ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து கம்ப்ரஷன் பார்த்தோம். குறைவாகக் காட்டிய ஒரு சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டதும் அளவு ஏறியது. எண்ணெய் வளையத்தின் இடுக்கை அடைத்ததால் ஏறியது என்பதால், அங்கே வளையம் தேய்ந்திருக்கிறது, வளிமீறல் மிகுதி. ரிங் மாற்றும் செலவைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். அட்டையில் இப்போது வாரத்துக்கு ஒரு சொட்டு விழுகிறது.

ஆங்கிலத்தில் ‘பாசிட்டிவ் கிராங்க்கேஸ் வென்டிலேஷன்’ (பிசிவி) வால்வு எனப்படும் அந்த வால்வுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் எனக்கு உதவி வேண்டும். முன்பெல்லாம் கிராங்க் அறையிலிருந்து ஒரு குழாயைத் தரையை நோக்கித் தொங்கவிட்டு, ஓடும் வண்டியின் காற்றே மீறுவளியை உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். அது எரியாத பெட்ரோலாவியைத் தெருவில் விட்டதால், 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் அதைத் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே இழுத்து எரிக்கும் ‘பாசிட்டிவ்’ முறை புகுந்தது. இந்தப் ‘பாசிட்டிவ்’ என்பதை ‘நேர்மறை’ என்று பெயர்த்துவிடக் கூடாது. வண்டி ஓடினாலும் நின்றாலும் தவறாமல் இழுக்கும் என்பதே அதன் கருத்து. ‘மீறுவளி உறிஞ்சு வால்வு’ என்பது வரை வந்து நிற்கிறேன். ‘உறிஞ்சு’ என்றால் வால்வே உறிஞ்சுவது போலாகிறது. உண்மையில் உறிஞ்சுவது இன்டேக்கின் வெற்றிடம், வால்வு வழிவிடும் அளவைத்தான் பார்த்துக்கொள்கிறது. ‘மீறுவளி வழிவிடு வால்வு’ என்றால் நாக்கு புரளவில்லை. இதைவிடச் சுருக்கமாக யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.