முதல் ஆறு நான்காவது உருட்டில் விழ நிகழ்தகவு: மூன்று விடை வருகிறது, எது சரி?

கேள்வி:
வணக்கம். பி.எஸ்சி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், நாளை மறுநாள் இன்டர்னல். பைனாமியல், ஜியோமெட்ரிக் என்ற இரண்டு நிகழ்தகவுப் பரவல்களையும் தனித்தனியாகப் படித்தால் புரிகிறது, கணக்கு என்று வந்ததும் எதைப் போடுவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறேன். ஒரு பகடையை உருட்டிக்கொண்டே இருக்கிறோம், முதல் ஆறு சரியாக நான்காவது உருட்டில் விழ நிகழ்தகவு என்ன? நான் பைனாமியல் போட்டு 4 × (1/6) × (5/6)³ = 0.3858 என்று எழுதினேன். தோழிக்கு 0.0965. சரிபார்க்கலாம் என்று ஆர் மென்பொருளில் ஜியோமெட்ரிக் நிகழ்தகவு தரும் டிஜியோம் (dgeom) கட்டளைக்கு 4 கொடுத்தால் 0.0804 வருகிறது. தயவுசெய்து யாராவது விளக்குங்கள்.

பதில் 1:
உங்கள் தோழி போட்டதுதான் சரி. ஆறு விழுந்தால் 'ஆ', விழாவிட்டால் 'இ' என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான்கு உருட்டில் ஒரே ஒரு ஆறு என்றால் ஆஇஇஇ, இஆஇஇ, இஇஆஇ, இஇஇஆ என்று நான்கு வழி, ஒவ்வொன்றுக்கும் 125/1296. பைனாமியல் இந்த நான்கையும் கூட்டிவிடுகிறது, ஆறு எந்த இடத்தில் விழுந்தது என்பது அதற்குத் தேவையில்லை. உங்கள் கணக்கு கேட்பது கடைசி வரிசையை மட்டும்தான். நீங்கள் முன்னால் போட்ட அந்த 4-ஐ எடுத்துவிட்டால் 0.0965 வந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்கைப் படிக்கும்போது எது முன்பே முடிவாகிவிட்டது என்று பாருங்கள். உருட்டுகள் முடிவாகி, வெற்றிகளை எண்ணச் சொன்னால் பைனாமியல். முதல் வெற்றியோடு நிறுத்திவிட்டு, எத்தனை உருட்டு ஆனது என்று எண்ணச் சொன்னால் ஜியோமெட்ரிக்.

கேள்வி கேட்டவர்:
அந்த 4 எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிகிறது அண்ணா, மிக்க நன்றி. அப்புறம் ஆர் ஏன் 0.0804 காட்டுகிறது?

பதில் 2:
ஆர் தப்பு செய்யவில்லை. டிஜியோம் எண்ணுவது உருட்டுகளை அல்ல, முதல் வெற்றிக்கு முந்தைய தோல்விகளை. 4 கொடுத்தால் நான்கு தோல்வி, ஐந்தாவதில் ஆறு என்று எடுத்துக்கொண்டு (5/6)⁴ × (1/6) போடுகிறது. 3 கொடுத்துப் பாருங்கள், 0.0965 வரும். பைத்தானில் சைபை (SciPy) நூலகத்தை வைத்துப் போட்டால் அது உருட்டுகளையே எண்ணும், அங்கே 4 கொடுக்க வேண்டும். நானே இதில் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

புத்தகங்களிலும் இந்த இரண்டு வழக்கமும் உண்டு. உருட்டுகளை எண்ணினால் சராசரி 6, தோல்விகளை எண்ணினால் 5, பரவற்படி (வேரியன்ஸ்) மட்டும் இரண்டிலும் 30. அதனால் தேர்வில் விடையின் முதல் வரியிலேயே எதை எண்ணுகிறீர்கள் என்று எழுதிவிடுங்கள், மதிப்பெண் போகாது.

கேள்வி கேட்டவர்:
3 கொடுத்தேன், வந்துவிட்டது! கடைசியாக ஒன்று. லூடோவில் பத்து முறை உருட்டியும் ஆறு விழவில்லை என்றால் பதினோராவது முறை வாய்ப்பு கூடுமா?

பதில் 1:
கூடாது தங்கச்சி, அப்போதும் 1/6தான். பகடைக்கு முந்தைய உருட்டுகள் நினைவில் இருக்காது, ஜியோமெட்ரிக்கின் தனிக்குணமே அதுதான். பத்து முறையும் ஆறு விழாமல் போக நிகழ்தகவு (5/6)¹⁰, அதாவது 0.1615. இதைப் பத்து உருட்டில் பூஜ்ய வெற்றி என்று பைனாமியலிலும், முதல் ஆறுக்குப் பத்துக்கு மேல் உருட்ட வேண்டியிருக்கும் என்று ஜியோமெட்ரிக்கிலும் போட்டுப் பாருங்கள், இரண்டிலும் அதே எண் வரும். இன்று இரவு இந்த ஒரு கணக்கை இரண்டு விதமாகவும் கையால் போட்டுவிட்டுப் படுங்கள்.