போர்ட்டபிள் டிவிடி பிளேயர்ல சிடி ஓடுது, டிவிடி வச்சா மட்டும் "நோ டிஸ்க்" காட்டுது, என்ன பண்ணலாம்?

மடக்குத்திரை எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். வீட்ல 7 இன்ச் போர்ட்டபிள் டிவிடி பிளேயர் ஒன்னு இருக்கு, மடக்குற டைப், திரை திரும்பும், வாங்கி பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. ரொம்ப நாளா அலமாரியில சும்மா கிடந்ததை ரெண்டு மாசம் முன்னாடி அம்மாவுக்காக எடுத்தேன். அம்மாவுக்கு 74 வயசு, கொஞ்சம் ஞாபக மறதி இருக்கு. டேப்லெட் குடுத்துப் பாத்தோம், விரல் எங்கயாவது பட்டு வேற எதுக்கோ போயிடும், உடனே பதறிடுவாங்க. இதுல அந்தப் பிரச்சனை இல்ல, மூடியத் திறந்து தட்டை வச்சு மூடினா படம் தானா வந்துடுது, அது அவங்களுக்கு நல்லா கைவந்துடுச்சு.

அவங்க திரும்பத் திரும்ப பாக்குறது ஒரே டிஸ்க் தான். 2009ல வீட்ல எடுத்தது, அப்பா பாடுவார் அதுல. அப்பா இப்ப இல்ல. போன வாரத்துல இருந்து அந்த டிஸ்க்கை வச்சா சுத்துது, டிக் டிக்னு சத்தம் வருது, அப்புறம் நோ டிஸ்க். கடையில வாங்கின பட டிவிடி பத்து தடவ வச்சா மூணு தடவ ஓடுது. ஆனா பாட்டு சிடி ஒரு தடங்கலும் இல்லாம ஓடுது, அதான் புரியல. ரிப்பேர் பண்ற ஒருத்தர்கிட்ட காட்டினேன், திறந்துகூட பாக்கல, இதெல்லாம் தூக்கிப் போடுங்கனு சொல்லிட்டார்.

அதோட பேட்டரி இருபது நிமிஷம் தான் நிக்குது. அடியில மாட்டுற பேட்டரி, அதை மாட்டிட்டா பிளேயர் மேஜையில சரியா உக்காராம லேசா ஆடுது, அது பரவால்ல அடாப்டர் போட்டே ஓட்டிக்கலாம். பென்டிரைவ்ல போன் வீடியோ ஏத்திப் போட்டா பேர் மட்டும் தெரியுது, படம் வரல. இன்னொரு சின்ன டிஸ்க்கும் இருக்கு, பழைய ஹேண்டிகேம் வீடியோ கேமராவுல எடுத்தது, அது எதுலயுமே ஓடினதில்ல. எனக்கு முக்கியம் அந்த 2009 டிஸ்க் தான். யாராவது வழி சொல்லுங்க.

பழுதுபெட்டி எழுதியது:

தம்பி, டிஸ்க் விஷயத்த அப்புறம் பாப்போம், முதல்ல அந்தப் பேட்டரியக் கழட்டுங்க. மேஜையில ஆடுதுனு போற போக்குல சொல்லிட்டீங்க, அது பேட்டரி உப்பியிருக்குறதால தான் இருக்கும். உள்ள இருக்குறது லித்தியம் செல், பெரும்பாலும் ரெண்டு செல் சேத்து 7.4 வோல்ட். வயசாகி உள்ள கேஸ் உருவாகி உப்பினதுக்கப்புறம் சார்ஜ் போடவே கூடாது. குத்தவோ அமுக்கவோ வேணாம், குப்பையிலயும் போடாதீங்க, பேட்டரி சேகரிக்கிற இடத்துல குடுத்துடுங்க. அது வரைக்கும் எரியுற பொருள் பக்கத்துல இல்லாத இடத்துல வைங்க. நிறைய மாடல் பேட்டரி இல்லாமலே அடாப்டர்ல ஓடும், உங்களுதும் ஓடும்னு நினைக்கிறேன்.

இப்ப டிஸ்க். சிடி ஓடி டிவிடி ஓடலங்கிறது நல்ல துப்பு. சிடி படிக்க 780 நானோமீட்டர் லேசர், டிவிடி படிக்க 650 நானோமீட்டர் லேசர், ரெண்டும் தனித்தனி. சிடி ஓடுதுன்னா மோட்டார், மூடி ஸ்விட்ச், தட்டு உக்கார்ற இடம் எல்லாம் சரியா இருக்குனு அர்த்தம். சிடியில ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நடுவுல 1.6 மைக்ரான் இருக்கு, டிவிடியில 0.74 தான். அதனால லென்ஸ் மேல லேசா தூசிப் படலம் இருந்தா சிடி சமாளிச்சுக்கும், டிவிடி தடுமாறும். பெரும்பாலும் ரெண்டு காரணம் தான் இருக்கும், லென்ஸ் அழுக்கு, இல்ல டிவிடி லேசர் வயசாகிடுச்சு. வருஷக்கணக்கா அலமாரியில கிடந்த பிளேயர்னு சொல்றீங்க, அழுக்கா இருக்கத்தான் அதிக வாய்ப்பு.

இந்த டைப் பிளேயர்ல ஒரு வசதி, மூடியத் திறந்தா லென்ஸ் கண்ணு முன்னாடி இருக்கும், ஒரு திருகு கூட கழட்ட வேணாம். அடாப்டரப் பிடுங்கிட்டு, காது குடையுற பஞ்சு குச்சியில ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, சொட்டாம பிழிஞ்சுட்டு, லென்ஸ் மேல பூ மாதிரி வட்டமா ரெண்டு சுத்து. அவ்ளோ தான். அந்த லென்ஸ் மெல்லிசான கம்பியில தொங்கிட்டு இருக்கு, அமுக்கினா போச்சு. அப்புறம் காஞ்ச பஞ்சால ஒரு தடவ, பத்து நிமிஷம் காய விடுங்க. வாயால ஊதாதீங்க, எச்சில் படும். பிரஷ் வச்ச கிளீனிங் டிஸ்க்கும் வேணாம், சுத்துற வேகத்துல அந்தப் பிரஷ் லென்ஸை இழுத்து அடிக்கும், அப்படிக் கெட்டுப்போனது என்கிட்ட எத்தனையோ வந்திருக்கு.

லென்ஸ் பக்கத்துல குட்டித் திருகு ஒன்னு இருக்கும், அதத் திருப்பினா லேசர் பவர் கூடும்னு யாராவது சொல்லுவாங்க. கேக்காதீங்க. நாலு நாள் ஓடும், அப்புறம் லேசர் மொத்தமா செத்துடும்.

இரவுப்பயணி எழுதியது:

ப்ரோ தப்பா நினைக்காதீங்க, எனக்கென்னவோ இவ்ளோ மெனக்கெட வேணாம்னு தோணுது. அந்த டிஸ்க்ல இருக்குறத ஒரு நல்ல டேப்லெட்ல ஏத்தி, அந்த ஒரு வீடியோ மட்டும் திறக்குற மாதிரி லாக் பண்ணிக் குடுங்க. திரை பெருசு, படம் தெளிவு, லென்ஸ் தொல்லையே இல்ல. பழைய 7 இன்ச் பிளேயர் பலதுல திரையே 480க்கு 234 புள்ளி தான், டிஸ்க்ல 720க்கு 576 இருந்தாலும் பாதிக்கு மேல விவரம் அங்கயே போயிடும். அம்மா கண்ணுக்கும் பெரிய திரை நல்லது தானே.

வெண்பூ எழுதியது:

இரவுப்பயணி சொல்றது படத் தெளிவுக்குச் சரி தான் தம்பி, ஆனா மறதி உள்ளவங்களப் பாத்துக்குறவங்களுக்குத் தெரியும், கை பழகினது தான் பெருசு. என் மாமனாருக்கும் இதே மாதிரி தான். புதுசா ஒன்னக் கத்துக்குற சக்தி முதல்ல போயிடுச்சு, பல வருஷமா கை செஞ்ச வேலை கடைசி வரைக்கும் இருந்துச்சு. மூடியத் திறக்குறது, தட்டை எடுக்குறது, நடுவுல வச்சு அமுக்குறது, இதெல்லாம் அவர் யோசிக்காமலே பண்ணுவார். அதைப் பிடுங்கிட்டு கண்ணாடிப் பலகையக் குடுத்தா அவருக்கு அது வேற உலகம். அதனால பிளேயர் ஓடுற வரைக்கும் ஓட்டுங்க.

நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது கொஞ்சம் சொல்றேன். பல பிளேயர்ல ஸ்டாப்ப ஒரு தடவ அமுக்கினா விட்ட இடத்த ஞாபகம் வச்சுக்கும், ரெண்டு தடவ அமுக்கினா மறந்துட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கும். மாமனார் ரெண்டு தடவ அமுக்கிட்டு படம் போச்சுனு கலங்குவார், அதனால பிளே பட்டன்ல மட்டும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன், மத்தது மேல எல்லாம் ஒரு அட்டையை வெட்டி ஒட்டி மூடிட்டேன். அப்புறம் ஏவி மோட்னு, வெளியில இருந்து ஒயர் வழியா வர்ற படத்தக் காட்டுறதுக்கு, ஒரு பட்டனோ ஸ்விட்சோ இருக்கும், தெரியாம அது மாறிட்டா திரை கருப்பாவோ நீலமாவோ நின்னுடும், பிளேயர் கெட்டுப் போச்சுனு நினைச்சு நான் ஒரு நாள் முழுக்க அழாக்குறையா இருந்தேன். அதையும் மூடிடுங்க.

தட்டை எடுக்கும்போது ஓரத்த மட்டும் பிடிச்சு இழுத்தா வளையும், நடுக் குமிழ ஒரு விரலால அமுக்கிட்டு ஓரத்தத் தூக்கச் சொல்லுங்க. வைக்கும்போது டக்னு சத்தம் வரணும். ரிமோட்ட வீட்ல குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க, அதுல இருக்குறது காசு மாதிரி சின்ன பேட்டரி, முழுங்கிட்டா உள்ள போய் புண்ணாக்கிடும், உயிருக்கே ஆபத்து. எங்க வீட்ல ரிமோட்ட எடுத்தே வச்சுட்டோம், பிளேயர் மேலயே பட்டன் இருக்கே.

ஒளித்தட்டு எழுதியது:

மேல சொன்னது எல்லாம் பிளேயரக் காப்பாத்த. எனக்குக் கவலை அந்த டிஸ்க். இன்னைக்கே ஒரு காப்பி எடுங்க சார், லென்ஸ் துடைக்கிறதுக்கு முன்னாடியே. கடையில விக்கிற பட டிவிடி அச்சுல குழி குழியா அழுத்தி செஞ்சது, வீட்ல எழுதின டிவிடி ஆர் அப்படி இல்ல, உள்ள ஒரு சாயப் படலம், அதை லேசரால சுட்டு எழுதியிருக்கு. அந்தச் சாயம் வெயில், சூடு, ஈரம் பட்டா நாளாக ஆக மங்கும். 2009னா வயசாச்சு. பட டிவிடி சில தடவ ஓடி உங்க டிஸ்க் சுத்தமா ஓடலங்கிறதுக்கு லென்ஸ் அழுக்கோட இதுவும் சேந்திருக்கலாம்.

கம்ப்யூட்டர்ல போடுற யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்னு இரவலாவது வாங்குங்க. இந்த டிரைவுங்க பல நேரம் பிளேயர விட நல்லா படிக்கும். உள்ள வீடியோ டிஎஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல விஓபி ஃபைலா ஒவ்வொன்னும் ஒரு ஜிபி வரைக்கும் இருக்கும், ஃபோல்டர முழுசா காப்பி பண்ணிடுங்க. நடுவுல சிக்கினா விட்டுடாதீங்க, டிடிரெஸ்க்யூனு இலவச மென்பொருள் இருக்கு, படிக்க முடியாத இடத்த முதல்ல தாண்டிப் போய் நல்ல பகுதிய எல்லாம் எடுத்துட்டு, அப்புறம் திரும்ப வந்து கஷ்டமான இடத்த மறுபடி மறுபடி முயற்சி பண்ணும். டிஸ்க்கைத் துடைக்கிறதா இருந்தா மெல்லிசு துணியால நடுவுல இருந்து ஓரத்துக்கு நேர் கோடா துடைங்க, வட்டமா துடைச்சா விழுற கீறல் தடத்தோட போக்குலயே போகும், அது தான் அதிகம் கெடுக்கும். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கிற வேலை எல்லாம் வேணவே வேணாம்.

காப்பி கிடைச்சதும் ரெண்டு இடத்துல வைங்க, புது டிவிடி ஆர்ல ரெண்டு மூணு தட்டு எழுதி அம்மாகிட்ட அதக் குடுங்க, ஒரிஜினல உறையில போட்டு வெயில் படாம நிமிர்த்தி வைங்க. எழுதும்போது ஃபைனலைஸ் பண்ண மறக்காதீங்க, அதாவது எழுதி முடிச்சாச்சுனு தட்டை மூடி மத்த பிளேயரும் படிக்கிற மாதிரி ஆக்குறது. அந்தச் சின்ன 8 சென்டிமீட்டர் டிஸ்க் எதுலயும் ஓடாததுக்குக் காரணமும் அது தான்னு நினைக்கிறேன். ஹேண்டிகேம்ல எடுத்து முடிச்சதும் ஃபைனலைஸ் பண்ணாம விட்டா அந்த கேமராவத் தவிர வேற பிளேயர்ல பெரும்பாலும் ஓடாது, காலி டிஸ்க் மாதிரி தான் தெரியும். அதைக் காலினு நினைச்சுத் தூக்கிப் போட்டவங்க நிறைய. கேமரா கிடைச்சா அதுல போட்டு மெனுல ஃபைனலைஸ் குடுங்க. இன்னொன்னு, அந்தச் சின்ன டிஸ்க்கை வாய் மாதிரி இழுத்துக்குற கார் பிளேயர்லயோ லேப்டாப்லயோ போட்டுடாதீங்க, உள்ள மாட்டிக்கும்.

பென்டிரைவ் விஷயம் சின்னது. பிளேயர் பழசு, அதுக்கு பெரும்பாலும் ஏவிஐ ஃபைல்ல டிவ்எக்ஸ், எக்ஸ்விட் மாதிரி பழைய வீடியோ வகை தான் தெரியும், போன் எடுக்குறது எச்.264 இல்ல எச்.265ங்கிற புது வகை. அவிடெமக்ஸ்னு வீடியோ மாத்துற இலவச மென்பொருள்ல போட்டு வீடியோவ எக்ஸ்விட், ஆடியோவ எம்பி3, அளவு 720க்கு 576க்குள்ள மாத்துங்க, பென்டிரைவ ஃபேட்32ல ஃபார்மட் பண்ணுங்க, பெரும்பாலும் ஓடிடும்.

மடக்குத்திரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நாலு நாள் கழிச்சு வர்றேன். பேட்டரியக் கழட்டிப் பாத்தேன், அடிப்பக்கம் நல்லா புடைச்சிருக்கு, நான் இத்தனை நாள் அதை ராத்திரி முழுக்க சார்ஜ்ல போட்டுட்டு அம்மா கட்டில் பக்கத்துல வச்சிருந்தேன், நினைச்சாலே பதறுது. பழுதுபெட்டி அண்ணா, நீங்க மட்டும் அதைக் கவனிக்கலன்னா என்ன ஆயிருக்குமோ. அன்னைக்கே கொண்டு போய் குடுத்துட்டேன். பேட்டரி இல்லாமலே பிளேயர் ஓடுது.

ஒளித்தட்டு சார் சொன்ன மாதிரி முதல்ல காப்பி தான் எடுத்தேன். ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட டிரைவ் இரவல் வாங்கினேன். சாதாரணமா காப்பி பண்ணா பாதியில நின்னுடுச்சு, டிடிரெஸ்க்யூ போட்டுட்டு ஒரு ராத்திரி விட்டேன். காலையில பாத்தா கடைசி ஓரத்துல கொஞ்சம் தவிர எல்லாம் வந்துடுச்சு. அப்பா பாடுறது முழுசா இருக்கு, பாட்டு முடிஞ்சு சிரிக்கிற இடத்துல ரெண்டு செகண்ட் படம் உறையுது, சத்தம் தெளிவா வருது. மூணு தட்டு எழுதிட்டேன்.

அப்புறம் லென்ஸ். பஞ்சுல லேசா சாம்பல் கலர்ல வந்துச்சு. இப்ப பட டிவிடி ஒரு தடவ கூட மக்கர் பண்ணல. ஒரிஜினல் 2009 டிஸ்க் மட்டும் இன்னும் தடுமாறுது, அதனால அதை உறையில போட்டு மூடி வச்சுட்டேன், அம்மா புதுத் தட்டுல தான் பாக்குறாங்க. வெண்பூ அக்கா, பச்சை ஸ்டிக்கர் ஒட்டிட்டேன், ஏவி ஸ்விட்ச் மேல டேப் போட்டுட்டேன். நேத்து அவங்களே வச்சு அவங்களே போட்டாங்க, நான் சமையலறையில இருந்து அப்பா குரலக் கேட்டேன்.

சின்ன டிஸ்க்குக்கு கேமரா தேடிட்டு இருந்தேன், வீடு முழுக்கப் பாத்தாச்சு, கிடைக்கல. நான் தேடுறதப் பாத்துட்டு அம்மா என்னனு கேட்டாங்க, சொன்னேன். "அத உன் சித்தப்பா வாங்கிட்டுப் போனான், திருப்பித் தரவே இல்ல"னு சொன்னாங்க. சித்தப்பாவுக்கு போன் பண்ணேன், பரண்ல சார்ஜரோட அப்படியே இருக்காம். ஞாயித்துக்கிழமை போறேன், ஃபைனலைஸ் ஆச்சான்னு வந்து எழுதுறேன்.