வினிஷாவுக்குக் கிடைத்த பாராட்டால் இஸ்திரி வண்டிக்காரருக்கு என்ன பயன்?

மலைசுற்றி:
எங்கள் திருவண்ணாமலைப் பெண் வினிஷா உமாசங்கர் பள்ளியில் படிக்கும்போதே சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து 2020இல் ஸ்வீடன் அமைப்பு ஒன்று தரும் குழந்தைகளுக்கான காலநிலைப் பரிசு வாங்கினார், 2021இல் எர்த்ஷாட் என்ற சர்வதேசச் சுற்றுச்சூழல் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்தார், அதே வருடம் நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார். அன்றைக்கு ஊரில் எல்லார் ஸ்டேட்டஸிலும் அவர் படம்தான். ஆனால் எங்கள் தெருமுனையில் இன்னமும் கரிப்பெட்டிதான் ஓடுகிறது. என் மகளும் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தில் இருக்கிறாள், அதனால் கேட்கிறேன்: இந்த வயதில் இத்தனை பாராட்டு நல்லதுதானா?

கரிப்பெட்டி வீடு:
என் அப்பா 30 வருடம் வண்டி போட்டவர். கரியைப் பற்றவைத்து விசிறிக் கனல் ஏற்றுவதற்குள் புகை முழுக்க முகத்தில்தான் அடிக்கும், ஒரு பொறி பறந்து வெள்ளைச் சட்டையில் ஓட்டை விழுந்தால் அன்றைய வருமானம் போச்சு. எரிந்த கரியை வண்டிக்காரர் கொட்டுவதைப் பார்த்துதான் வினிஷாவுக்கு இந்த யோசனையே வந்தது. நாங்கள் தினமும் கொட்டிய சாம்பலை யாரும் நின்று பார்த்ததில்லை, ஒரு குழந்தை பார்த்தது. கிளாஸ்கோ செய்தி டிவியில் வந்தபோது அப்பா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்து நின்று பார்த்தார். எனக்கு அது போதும். ஆனால் பேனல், பேட்டரி எல்லாம் சேர்த்து ஒரு வண்டியை எங்களைப் போன்றவர்கள் கைக்காசில் வாங்க முடியாது. 2020இல் தெரு வியாபாரிகளுக்கு வந்த ஸ்வநிதி கடன் திட்டத்தில் அப்போது முதல் கடனே 10,000 ரூபாயாகத்தான் இருந்தது. இதற்கு வழி செய்ய வேண்டியது அரசாங்கம், அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்பது நியாயமில்லை.

வடகரை:
செய்ய வேண்டிய அரசாங்கங்கள் செய்யவில்லை என்ற இதே காரணத்தால்தான் ஸ்வீடனின் இளம் காலநிலைப் போராளி கிரெட்டா துன்பர்க் 2019இல், நார்வே உள்ளிட்ட வட ஐரோப்பிய நாடுகளின் அமைப்பான நார்டிக் கவுன்சிலின் சுற்றுச்சூழல் பரிசை வேண்டாம் என்றார். நார்வே புதிதாக எண்ணெய் எடுக்க அனுமதி கொடுத்துக்கொண்டே இருக்கும்போது எனக்கு விருது எதற்கு என்பது அவர் கேள்வி. மறு வருடம் போர்ச்சுகலின் குல்பென்கியன் பரிசை ஏற்றுக்கொண்டார், 10 லட்சம் யூரோ, அதை முழுவதுமாகச் சுற்றுச்சூழல் அமைப்புகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தார். காலநிலைக்காகக் குரல் கொடுக்கும் மணிப்பூர்ச் சிறுமி லிசிப்பிரியா கங்குஜம், அப்போது 8 வயது, 2020 மகளிர் தினத்தையொட்டி மத்திய அரசு தந்த பாராட்டை மறுத்தார், என் குரலைக் கேட்கப் போவதில்லை என்றால் என்னைக் கொண்டாடவும் வேண்டாம் என்று. வாங்குவதும் மறுப்பதும் அந்தப் பிள்ளைகளின் உரிமை. மாலை போட்டு போட்டோ எடுத்துக்கொண்ட பெரியவர்கள் அடுத்த நாள் என்ன செய்தார்கள் என்றுதான் நான் பார்ப்பேன்.

மலைசுற்றி:
இரண்டு பேருக்கும் நன்றி. மகளிடம் படித்துக் காட்டினேன். தெருமுனை அண்ணனிடம் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கரி, எவ்வளவு செலவு என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டு எழுதப்போகிறாளாம். கரிப்பெட்டி வீடு, உங்கள் அப்பாவிடமும் அவள் போனில் பேசலாமா? எந்த நேரம் சரிப்படும்?