உத்தரவாதம் முடிந்த காரில் என்ஜின் போனால், தயாரித்த நிறுவனத்துக்குப் பொறுப்பே இல்லையா?

கேள்வி: ஈரோட்டிலிருந்து ஓர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். 2019 ஜனவரியில் 9,40,000 ரூபாய் கொடுத்துப் புதிதாக வாங்கிய எங்கள் டீசல் கார், சென்ற மாதம், அதாவது 2025 மே 11ஆம் தேதி, கோவைக்குப் போகும் வழியில் விஜயமங்கலம் சுங்கச்சாவடியைத் தாண்டிச் சிறிது தூரத்தில் நின்றுபோனது. என் கணவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். முதலில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் பானட்டுக்கு அடியில் யாரோ சுத்தியலால் அடிப்பதைப் போன்ற சத்தம் எழுந்து, வண்டி தானாகவே அணைந்துவிட்டது. மறுபடி சாவியைத் திருப்பியபோது 'டக்' என்ற ஒற்றைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. மீட்டரில் 71,400 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

வண்டியை இழுத்துக்கொண்டு போய் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் விட்டோம். என்ஜின் சீஸ் ஆகிவிட்டது (உள்ளே இறுகிச் சுழலாமல் நின்றுவிட்டது), முழுமையாக மாற்ற வேண்டும், 3,85,000 ரூபாய் ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். கூடுதல் பணம் கட்டி ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டித்திருந்த உத்தரவாதம் 2024 ஜனவரியில் முடிந்துவிட்டது. நிறுவனத்துக்கு நான் எழுதிய மின்னஞ்சலுக்கு, உத்தரவாதக் காலம் கடந்துவிட்டதால் உதவ இயலாது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. வாங்கிய நாளிலிருந்து ஒரு சர்வீஸைக்கூடத் தள்ளிப்போட்டதில்லை, வெளியில் ஒருமுறைகூட ஆயில் மாற்றியதில்லை. பில்கள் அனைத்தும் பத்திரமாக இருக்கின்றன.

பில்களை அடுக்கிப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. 2023 நவம்பரில் சர்வீஸுக்கு விட்டபோது, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில நொடிகளுக்கு 'டொக் டொக்' என்று சத்தம் வருகிறது என்று சொல்லியிருந்தேன். ஜாப் கார்டில், அதாவது சர்வீஸுக்கு விடும்போது எழுதும் பணித்தாளில், அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதன் எதிரே நீலப் பேனாவால் 'சோதித்தோம், சத்தம் இயல்பானதே' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். அப்போது உத்தரவாதம் முடிய இரண்டு மாதங்கள் மீதமிருந்தன.

முறையாகப் பராமரித்த ஒரு என்ஜின் ஆறரை ஆண்டுகூட ஆகாத நிலையில் உடைந்தால், அது முழுக்க உரிமையாளரின் தலையில் விடியவேண்டியதுதானா? சட்டம் என்ன சொல்கிறது? சர்வீஸ் சென்டர்காரர்கள் என்ஜினைப் பிரிக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா? தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: கோவை, ஒர்க்‌ஷாப் நடத்துபவர்

டீச்சருக்கு வணக்கம். 26 ஆண்டுகளாக என்ஜின் வேலை மட்டுமே செய்து வருகிறேன். நீங்கள் சொல்லும் வரிசையை, அதாவது ஆயில் விளக்கு, தட்டும் சத்தம், பிறகு ஜாம் என்பதைப் பார்த்தால், கனெக்டிங் ராட் பேரிங், அதாவது பிஸ்டனின் கம்பி கிராங்க் என்ற சுழல்தண்டோடு சேரும் இடத்தில் உராய்வைத் தாங்கும் பாகம், போயிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. பிரித்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்வது தவறு. ஆனால் யார் முன்னிலையில் பிரிக்கிறார்கள் என்பதில்தான் உங்கள் வழக்கின் பாதி உயிர் இருக்கிறது.

கையெழுத்துப் போடுங்கள், ஆனால் நீங்களோ உங்கள் ஆளோ பக்கத்தில் இருக்கும்போதுதான் பிரிக்க வேண்டும் என்று அதே தாளில் எழுதிவிட்டுப் போடுங்கள். முதலில் ஆயிலை வெள்ளை பிளாஸ்டிக் டப்பில் வடிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு ஆயில் வந்தது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆயில் குறைவாக ஓட்டினீர்கள் என்பதுதான் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் முதல் குற்றச்சாட்டாக இருக்கும். அடுத்து ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஜிகினாத்தூள் போல மின்னினால் பேரிங் கரைந்திருக்கிறது என்று பொருள். ஒரு காந்தத்தை அருகில் கொண்டு போங்கள். பேரிங்கின் மேல்பூச்சிலிருந்து வந்த தூள் காந்தத்தில் ஒட்டாது, ஒட்டினால் அது கிராங்க் அல்லது வேறு இரும்புப் பாகத்திலிருந்து வந்தது.

ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பைக் கழற்றியதும் அடியில் உள்ள ஆயில் சல்லடையைப் படம் எடுங்கள். பிறகு எல்லா பேரிங் ஷெல்களையும் (ஒவ்வொரு பேரிங்கும் இரண்டு அரைவட்டத் தகடுகள், அவைதான் ஷெல்) சிலிண்டர் எண் போட்டு வரிசையாக வைத்து ஒரே படத்தில் எடுக்க வேண்டும். என் அனுபவத்தில் மிக முக்கியமான சாட்சி இந்தப் படம்தான். எல்லா ஷெல்களும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால், ஆயில் பற்றாக்குறை, மட்டமான ஆயில், காலம் கடந்து மாற்றியது போன்ற பொதுக் காரணங்களைச் சந்தேகிக்க வேண்டும். மற்றவை நன்றாக இருக்க ஒரே ஒரு ஷெல் மட்டும் கருகிச் சுழன்றிருந்தால், அந்த ஒரு இடத்துக்கு மட்டும் ஏதோ கோளாறு இருந்திருக்கிறது: கிராங்க்கின் ஆயில் துளையில் அடைப்போ, ஜர்னலை (ஷெல் சூழ்ந்திருக்கும் கிராங்க்கின் பகுதியை) தீட்டியதில் பிசகோ, ஷெல் பொருத்தியதில் தவறோ. அது ஓட்டியவர் செய்யக்கூடிய தவறு அல்ல.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வரும் உடைந்த என்ஜின்களில் உரிமையாளரின் அலட்சியத்தால் போனவையும் உண்டு. ஆகவே படங்கள் உங்களுக்கு எதிராகவும் பேசக்கூடும்; அப்படி இருந்தாலும் தெரிந்துகொள்வது நல்லதுதான். மற்றொரு விஷயம், புது என்ஜின் போட ஒப்புக்கொண்டால் பழையதை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அது என் உடைமை, என்னிடமே திரும்பத் தர வேண்டும் என்று முன்னதாகவே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

பதில்: ஓசூர், தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர்

என்ஜின் பாகங்களைக் கடையும் தொழிற்சாலைகளில் பணியாற்றியவன் என்ற முறையில் இரு பக்கத்தையும் பேச விரும்புகிறேன். பத்தாண்டு ஓடிய ஒவ்வொரு என்ஜினுக்கும் நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும் என்றால் கார் விலை நம்மில் பலருக்கு எட்டாது. தேய்மானம் வேறு, பிறவிக் குறை வேறு. உத்தரவாதத்துக்கு ஒரு காலவரம்பு வைப்பது தேய்மானத்தைப் பொறுத்தவரை நியாயமே. ஆனால் தொழிற்சாலையிலேயே உள்ளே தங்கிவிட்ட ஒரு குறை ஆறாம் ஆண்டில் வெளிப்பட்டால், அதற்கும் அதே வரம்பைக் காட்டுவது எனக்கு ஏற்புடையதல்ல.

இதற்குப் பொதுவெளியில் நன்கு பதிவான உதாரணம் ஹூண்டாய், கியா நிறுவனங்களின் தீட்டா 2 என்ஜின். அமெரிக்காவின் அலபாமா ஆலையில் கிராங்க் ஷாஃப்ட்டைக் கடையும்போது உண்டான உலோகத் துகள்கள் முழுமையாக நீக்கப்படாமல் ஆயில் செல்லும் வழியில் தங்கிவிட்டதால், ராட் பேரிங்குக்கு ஆயில் போதாமல் என்ஜின் ஓடும்போதே நின்றுபோகும் அபாயம் இருந்தது. கிராங்க்கினுள் சாய்வாகத் துளையிடும்போது பிசிறு ஒட்டிக்கொள்வதும், கழுவிய பிறகும் அது போகாமல் இருப்பதும் எங்கள் தொழிலில் அன்றாடம் பார்த்துப் பயப்படும் விஷயம். நகக்கண்ணில் அடங்கும் ஒரு பிசிறு போதும். 2011, 2012 மாடல் சொனாட்டா கார்களில் ஏறத்தாழ 4,70,000ஐ சோதித்துச் சரிசெய்துதர 2015 செப்டம்பரில் திரும்ப அழைத்தார்கள். 2017இல் மேலும் சுமார் 12 லட்சம் கார்கள் சேர்க்கப்பட்டன. பின்னர், கூட்டு வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அந்த வழக்குக்குள் வந்த கார்களில் ராட் பேரிங் கோளாறால் ஷார்ட் பிளாக் (சிலிண்டர்களும் கிராங்க்கும் உள்ள என்ஜினின் கீழ்ப்பகுதி) போனால் காலவரம்பின்றி உத்தரவாதம் என்றானது. திரும்ப அழைத்ததில் தாமதமும் தவறான தகவலும் இருந்ததாகக் கூறி அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு எடுத்த நடவடிக்கை, 2020 நவம்பரில் இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து 21 கோடி டாலர் மதிப்பிலான உடன்பாட்டில் முடிந்தது. உள்ளிருந்தபடியே உண்மையைச் சொன்ன பொறியாளர் கிம் குவாங்-ஹோ அவர்களுக்கு மறு ஆண்டு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது.

ஆக, உத்தரவாதம் முடிந்ததும் பொறுப்பு முடிந்தது என்பது எங்குமே கடைசிச் சொல்லாக இருந்ததில்லை. ஆனால் அங்கே ஒரே மாதிரியான புகார்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன என்பதைக் கவனியுங்கள். உங்கள் மாடலில் உங்கள் கார் மட்டும்தானா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

பதில்: பாரிஸ் புறநகரிலிருந்து

அக்கா, மேலே பொறியாளர் அண்ணா சொன்னதோடு இங்கே பிரான்சில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூஜோ, சித்ரோன் கார்களில் வந்த 1.2 லிட்டர் பியூர்டெக் என்ஜினில், வால்வுகளைக் கிராங்க்கோடு இசைந்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. அந்தப் பெல்ட் குறித்த காலத்துக்கு முன்பே உதிர்ந்து, துகள்கள் ஆயில் சல்லடையை அடைக்க, ஆயில் அழுத்தம் விழுந்து பல என்ஜின்கள் போய்விட்டன. எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இந்தக் கார்களைத்தான் வைத்திருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஒன்று திரண்டு விடாமல் எழுதியதற்குப் பிறகு, இந்தக் கார்களின் தாய் நிறுவனமான ஸ்டெலான்டிஸ் 2024இல் பத்து ஆண்டுகள் அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை பாதுகாப்பை நீட்டித்தது. ஏற்கெனவே கைக்காசு போட்டுப் பழுதுபார்த்தவர்களும் விண்ணப்பிப்பதற்கு 2025 ஜனவரியில் தனி இணையதளம் திறந்தது. முக்கிய நிபந்தனை: குறித்த காலத்தில் சர்வீஸ் செய்ததற்குச் சான்று வேண்டும். உங்கள் பில்களை எறிந்துவிடாதீர்கள்.

நிறுவனத்தின் மனமிரக்கத்தைத் தவிர இங்கே சட்டமும் இருக்கிறது. வாங்கும்போதே மறைந்திருந்த குறை என்று நிரூபித்தால், அது தெரியவந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம் என்கிறது பிரெஞ்சு சிவில் சட்டத்தொகுப்பு. உத்தரவாதக் காலம் அதற்குக் குறுக்கே நிற்பதில்லை.

பதில்: சேலம், நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்

சகோதரிக்கு வணக்கம். இந்தியச் சட்டம் பிரெஞ்சுச் சட்டத்தைப் போல மறைகுறைக்கென்று தெளிவான தனிப் பிரிவோடு இல்லை. ஆனாலும் வழி அடைபட்டுவிடவில்லை.

பலரும் செய்யும் தவறிலிருந்து தொடங்குகிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்று ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது, அதன்படி உற்பத்தியாளர் தம்மீது கவனக்குறைவு இல்லை என்று காட்டினாலும் சில சூழல்களில் தப்ப முடியாது என்று படித்துவிட்டு, அதன்கீழ் மனு எழுதுகிறார்கள். அந்த அத்தியாயத்துக்கான 'தீங்கு' என்பதன் வரையறையில், அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கிறது. என்ஜின் வெடித்து உங்களுக்குக் காயம் பட்டிருந்தால் அந்த அத்தியாயம் உதவும். என்ஜினே போனதற்கு உதவாது. உங்கள் மனு, குறையுள்ள பொருளை விற்றது, சேவையில் குறைபாடு என்ற இரு கால்களில் நிற்க வேண்டும்.

இரண்டாவது கால்தான் உங்களுக்கு மிக வலுவாக இருக்கிறது. 2023 நவம்பர் ஜாப் கார்டு சாதாரணக் காகிதம் அல்ல. உத்தரவாதம் உயிரோடு இருந்தபோதே நீங்கள் குறையைச் சொன்னீர்கள், அவர்கள் அதை இயல்பானது என்று தள்ளினார்கள் என்பதை அவர்கள் கையெழுத்தே சொல்கிறது. அப்போது கேட்ட சத்தத்துக்கும் இப்போது உடைந்த பாகத்துக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு நிபுணர் சொல்லிவிட்டால், 'உத்தரவாதம் முடிந்த பிறகு வந்த கோளாறு' என்ற வாதம் ஆட்டம் கண்டுவிடும். டீலர், உற்பத்தியாளர் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். டீலர் செய்த தவறுக்கு நான் பொறுப்பல்ல என்று உற்பத்தியாளர் சொல்வது வழக்கம், அந்த வாதத்தை நீதிமன்றங்கள் ஏற்றதும் உண்டு.

நிபுணர் கருத்து இல்லாத மனுக்கள் பெரும்பாலும் தோற்கின்றன. அதைச் சகோதரி மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். சோதித்துப் பாராமல் குறையை முடிவுசெய்ய இயலாத பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தின் 38ஆம் பிரிவு வழிசெய்கிறது. அரசுப் பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் துறையிலிருந்து ஒருவரை நியமிக்கும்படியும் வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்திடம் கேட்கலாம். கோவை நண்பர் சொன்ன படங்களும் ஷெல்களும் அந்த நிபுணரின் மேசைக்குத்தான் போகப்போகின்றன. கோரிக்கையையும் அளவோடு வையுங்கள். கிளட்ச் கோளாறு பற்றிய ஒரு மாருதி கார் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், பாகத்தை மாற்றித் தீர்க்கக்கூடிய குறைக்கு முழு காரையும் மாற்றச் சொல்வது பொருத்தமல்ல என்றது. என்ஜின் செலவு, இழுவைச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை என்று கேட்பதே விவேகம்.

கால எல்லை இரண்டு ஆண்டுகள். மே 2025இல் வண்டி நின்றதிலிருந்து எண்ணலாம் என்பது என் கருத்து. ஆனால் நவம்பர் 2023 ஜாப் கார்டையே நீங்கள் ஆதாரமாகக் காட்டும்போது, குறை அன்றே தெரிந்துவிட்டதே என்று எதிர்த்தரப்பு அந்த நாளிலிருந்து எண்ணப் பார்க்கும். ஆகவே இந்த நவம்பருக்குள் தாக்கல் செய்துவிட்டால் அந்தச் சண்டையே எழாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்; 9,40,000 ரூபாய்ப் பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அந்த எண் ஒன்றும் தீர்ப்பு வழங்காது, ஆனால் நிறுவனத்தின் இரண்டு வரிப் பதில் சில சமயம் அதற்குப் பிறகு நீள்வதைப் பார்த்திருக்கிறேன்.

திரும்ப அழைத்தல் பற்றியும் ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவு, 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகள் ஆகியவற்றின்படி, பாதுகாப்பைப் பாதிக்கும் குறைகளுக்கு, விற்பனையைப் பொறுத்து வகுத்த எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால் அரசே திரும்ப அழைக்க உத்தரவிடலாம். ஆனால் அது ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு மட்டுமே. உங்கள் காருக்கு வரும் ஜனவரியில் ஏழு முடிகிறது. நெடுஞ்சாலையில் ஓடும்போதே அணைந்தது என்பது பாதுகாப்புப் பிரச்சினைதான். இதற்கான அரசின் இணையதளத்திலும் இப்போதே புகார் பதிவு செய்துவிடுங்கள்.

மீண்டும் ஈரோட்டிலிருந்து, பன்னிரண்டு நாள் கழித்து

பதில் எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று எங்கள் முன்னிலையில், என் தம்பி செல்போனில் படம் பிடிக்க, என்ஜினைப் பிரித்தார்கள். வடித்த ஆயில் மூன்றரை லிட்டருக்கு மேல் இருந்தது. குறைவு என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை. ஃபில்டர் காகிதம் முழுதும் மின்னியது, காந்தத்தில் ஒட்டவில்லை. மூன்றாம் சிலிண்டரின் ஷெல் மட்டும் கருகி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தகடு போல் நசுங்கியிருந்தது. மற்ற மூன்றையும் விரலால் தடவிப் பார்த்தேன், வழவழப்பாகவே இருந்தன.

சர்வீஸ் மேனேஜர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, நல்லெண்ண அடிப்படையில் பாகங்களின் விலையில் பாதியை ஏற்கும்படி நிறுவனத்துக்குத் தாமே எழுதுவதாகச் சொன்னார். எழுதட்டும், ஆனால் எந்தத் தாளிலும் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எட்டு ஷெல்களையும் எண் எழுதித் தனித்தனி உறையில் போட்டு, இரு தரப்பும் மேலே கையெழுத்திட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். 1915இல் புகார் எண் வாங்கியாகிவிட்டது. சேலம் ஐயாவைச் சனிக்கிழமை பள்ளி முடிந்ததும், ஜாப் கார்டின் அசலோடு நேரில் பார்க்க வருகிறேன்.